காலண்டர் ஆர்டரும் கன்று நடும் குழியும்



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் கடைகளுக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர், காலண்டர் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் அச்சக ஏஜென்ட். மற்றவர், மரக்கன்று நடும் விழாவுக்கு நன்கொடை கேட்டு வரும் இளைஞர். முன்னவரிடம் "போன வருஷம் மாதிரியே ஐநூறு போட்டுருங்க" என்கிறோம். பின்னவரிடம் கையில் இருப்பதைக் கொடுத்து ரசீதை வாங்கிக் கல்லாவில் போடுகிறோம். இவை இரண்டும் ஒரே கணக்கின் பற்றும் வரவும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இந்த மாதப் பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

சிவகாசியில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். அதே ஆடிதான் விதைப்புக்கும் நடவுக்கும் உரிய பட்டம். வெள்ளியங்கிரி மலையைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று நம் தொண்டாமுத்தூர் பக்கம் தூறல் போடும் காலமும் அதுவே. காகிதத்தைச் செலவு செய்யத் தீர்மானிக்கும் நாளும், மரம் நடத் தகுந்த நாளும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே இந்த இரண்டையும் சேர்த்துச் சிந்திக்க நமக்குக் காரணம் இருக்கிறது.

வணிகனும் மரமும்

மரம் நடுவது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி, மனிதருக்கும் கால்நடைக்கும் நிழல் தரச் சாலையோரம் ஆலமரங்களை நடச் செய்ததாகத் தம் தூண் கல்வெட்டில் பொறித்து வைத்தார். நிழற்சாலை என்பது அக்காலத்தில் தர்மம் மட்டுமல்ல, வியாபாரத்துக்கான வசதியும்கூட. பொதிமாட்டுக்கும் பார வண்டிக்கும் நிழல் வேண்டும், இளைப்பாற இடம் வேண்டும். சாலைப் புளியமரமும் அதன் அடியில் சுமைதாங்கிக் கல்லும் அதற்காகவே இருந்தன. சந்தைகளும் மரத்தடியில்தான் கூடின. மரம் இருந்த இடத்தில் ஆள் நின்றார்கள். ஆள் நின்ற இடத்தில் வியாபாரம் நடந்தது.

கொங்கு நாட்டில் அரசையும் வேம்பையும் ஒன்றாக நட்டு, அவை வளர்ந்தபின் ஊர்கூடித் திருமணம் செய்துவைக்கும் வழக்கம் உண்டு. நமக்கு அருகிலுள்ள பேரூர் பட்டீசுவரர் கோயிலின் பிறவாப்புளியையும் இறவாப்பனையையும் அறியாதவர் நம்மில் இல்லை. இவற்றில் புளி நம் கடைச் சரக்கு. பனையோ, காகிதம் வருவதற்கு முன் நம் முன்னோர் எழுதிய ஏட்டைத் தந்த மரம். இன்று பனை நம் மாநில மரமாகவும் இருக்கிறது.

நாடு விடுதலை பெற்றபின், 1950-ல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி, ஜூலை முதல் வாரத்தில் வன மகோத்சவம் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். நம் கோவையிலேயே, பேருந்து நடத்துநராக வேலை பார்த்த மாரிமுத்து யோகநாதன் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மரக்கன்று வாங்கிப் பயணிகளுக்குக் கொடுத்தார். 2021 மார்ச்சில் பிரதமர் தம் வானொலி உரையில் அவரைப் பாராட்டிப் பேசியது பலருக்கு நினைவிருக்கும். டிக்கெட் கொடுக்கும் கையால் ஒருவர் கன்றும் கொடுக்க முடியுமானால், பில் போடும் கையால் நாம் கொடுக்க முடியாதா?

காகிதம் எங்கிருந்து வருகிறது?

"ஒரு தாளை வீணாக்கினால் ஒரு மரக்கிளையை ஒடித்த பாவம்" என்று பேசிக்கொள்கிறோம். இதில் பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அச்சுத் தொழிலுக்கும் மரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது அல்ல. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சானது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் வைத்தவர்கள், பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்துக் காகிதம் பெரும்பாலும் கிழிந்த துணியைக் கூழாக்கிச் செய்தது. 1844-ல் ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டபிறகே மரம் காகிதமாகத் தொடங்கியது. காகிதம் மலிந்தது, காடு குறைந்தது.

நம் நாட்டில் நெடுங்காலம் மூங்கிலும் காட்டு மரமும் காகித ஆலைகளுக்குச் சென்றன. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை இதற்கு ஒரு திருப்பம் தந்தது. ஆலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளைக் காட்டில் தேடாமல், விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது கூறியது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கரூர் மாவட்டம் புகழூர் அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தமிழக அரசு 1979-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கியது. 1984-ல் அங்கே உற்பத்தி ஆரம்பமானது. இந்த ஆலையின் சிறப்பு, மரத்தை மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்து வந்தன. காகித ஆலை அவர்களுக்கு வேறு எரிபொருளைக் கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொண்டது. இது நம் முன்னோர் செய்த பண்டமாற்று வியாபாரமே அன்றி வேறென்ன?

2004-05 முதல் அதே நிறுவனம் விவசாயிகளுக்குச் சவுக்கு, தைலமரக் கன்றுகள் கொடுத்து, வளர்ந்த மரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பண்ணைக்காடு திட்டத்தையும் நடத்தி வருகிறது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில், 1960-ல் தொடங்கப்பட்ட சேஷசாயி ஆலையும் சக்கையைப் பயன்படுத்தும் ஆலைதான். இந்த மரங்களின் ரகத்தை மேம்படுத்தும் ஆராய்ச்சியும் நம் மாவட்டத்திலேயே நடக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரியும், கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் உள்ளன.

இன்னொரு செய்தி நமக்கு மிக முக்கியமானது. இன்று இந்தியாவில் உற்பத்தியாகும் காகிதம், அட்டை ஆகியவற்றில் பாதிக்கும் மேல் பழைய காகிதத்திலிருந்தே செய்யப்படுகிறது. அதாவது, நம் கடைப் பின்கட்டில் குவியும் அட்டைப்பெட்டிதான் இந்நாட்டின் பெரிய "காடு". அதை நனையவிட்டு, குப்பையோடு கலந்து எரிப்பவர் மரத்தை எரிப்பவரே. உலர வைத்துக் கட்டி, பழைய பேப்பர் கடைக்குப் போடுபவர் மரத்தைக் காப்பவர். காகித இழையைச் சுமார் 5 முதல் 7 தடவை வரை திரும்பக் கூழாக்கலாம். அதன்பின் இழை குட்டையாகி வலுவிழக்கும். அதனால்தான் புது இழை கொஞ்சம் வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

நாம் வியாபாரிகள்; கணக்குப் போட்டால்தான் மனம் ஒப்பும். ஒரு தினசரிக் காலண்டரின் தாள் 10 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். காகிதம் சதுர மீட்டருக்கு 50 கிராம் எடை. அப்படியானால் ஒரு தாள் முக்கால் கிராம். 365 தாளுக்குச் சுமார் 274 கிராம். பின்னால் ஒட்டும் அட்டை தனி. 500 காலண்டருக்கு, தாள் மட்டும் 137 கிலோ ஆகிறது.

இதில் எத்தனை உண்மையில் சுவரில் மாட்டப்படுகின்றன? கொங்குப் பகுதியில் தினசரிக் காலண்டருக்கு மதிப்பு உண்டு. நல்ல நேரம், ராகு காலம், கௌரி பஞ்சாங்கம் பார்க்காமல் யாரும் காரியம் தொடங்குவதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு மளிகைக் கடை, நகைக் கடை, உரக் கடை, மருந்துக் கடை என்று நான்கைந்து காலண்டர் போய்ச் சேர்கிறது. ஒன்று மாட்டப்படும், மற்றவை பரணுக்குப் போகும். நம் கடையிலேயே ஒரு தை மாத முடிவில் எண்ணிப் பார்த்தோம். கட்டுப் பிரிக்காமல் 80 காலண்டர் இருந்தது. தாள் மட்டும் ஏறக்குறைய 22 கிலோ. மரத்தை இரசாயன முறையில் கூழாக்கும்போது, அதன் உலர்ந்த எடையில் பாதிக்கும் குறைவாகவே கூழ் கிடைக்கும். அந்த 22 கிலோவும் மரக்கூழ் என்றால், 44 கிலோவுக்குக் குறையாத உலர்ந்த மரம் நம் கடைப் பரணில் யாருக்கும் பயனின்றிக் கிடந்தது. அச்சுக்கூலியும் நம் பணம்தான். பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்குக் கொடுத்தது, போட்ட முதலில் ஒரு சிறு பங்கு.

அடுத்த ஆடியில் நாம் செய்தது இதுதான். சென்ற ஆண்டு யார் யார் கேட்டு வாங்கினார்கள் என்று பற்று நோட்டைப் பார்த்துப் பெயர் எழுதினோம். அதன்படி 380 மட்டும் ஆர்டர் கொடுத்தோம். ஒருவரும் மனம் கோணவில்லை. மிச்சமான பணத்தில் ஒரு பகுதிக்கு மஞ்சப்பை வாங்கி, கடைப் பெயர் அச்சடித்துக் கொடுத்தோம். காலண்டர் ஓர் ஆண்டு விளம்பரம்; நல்ல துணிப்பை பல ஆண்டு விளம்பரம். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது நம் பழைய பழக்கத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் என்றே சொல்ல வேண்டும்.

மையும் ஆற்று நீரும்

காகிதம் மட்டுமா அச்சு? மையும் கழுவு நீரும் இருக்கின்றன. ஆஃப்செட் இயந்திரத்தில் உருளையைத் துடைக்கக் கரைப்பான் திரவம், தகட்டைக் கழுவ இரசாயனம், மை ஊறிய கந்தல் துணி எல்லாம் அன்றாடம் சேர்கின்றன. பொறுப்புள்ள அச்சகம் கந்தலை மூடிய டப்பாவில் சேர்த்து வைக்கும். கழிவு நீரைத் தனியே பிடித்து முறைப்படி அகற்றும். பழைய அலுமினியத் தகட்டை உலோக வியாபாரிக்குப் போடும். பொறுப்பில்லாதவர் சாக்கடையில் ஊற்றிவிடுவார்.

"அது அச்சகக்காரர் பாடு, நமக்கென்ன?" என்று நாம் சொல்லிவிட முடியாது. நொய்யலின் கதையை நினைத்துப் பாருங்கள். நம் மலையடிவாரத்தில் தெளிந்த நீராகப் பிறக்கிறது அந்த ஆறு. திருப்பூரைத் தாண்டியதும் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நச்சுக் குளமாகிப் போனது. சுற்றிலும் நிலம் கெட்டது, கிணறு கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த நாளில் திருப்பூர்த் தொழிலும், அதை நம்பிய கடைகளும் பட்ட பாடு நமக்குத் தெரியும். பின்னர் கழிவு நீரை வெளியே விடாத முறைக்கு மாறியே பட்டறைகள் இயங்கின. வண்ணத் துணிக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் எங்கோ இருந்தார்கள். தண்ணீர் கெட்டுப்போனவர்கள் இங்கே இருந்தார்கள்.

இந்த நொய்யல் கடைசியில் காவிரியில் கலப்பது, அந்தக் காகித ஆலை இருக்கும் அதே கரூர் மாவட்டத்தில்தான். மையும் காகிதமும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாம் துணி விஷயத்தில் ஆற்றோரத்தில் இருந்தோம். அச்சு விஷயத்தில் ஆர்டர் கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். ஆகவே கேள்வி கேட்கும் கடமை நமக்கு உண்டு. "கழுவு தண்ணி எங்கண்ணா போகுது?" என்று ஆர்டர் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டால், அச்சக முதலாளி தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான்கு வாடிக்கையாளர் கேட்டால் ஒரு தொட்டி கட்டிவிடுவார்.

பொட்டலம் கட்டும் காகிதம்

அச்சு மை நேராக உணவோடு சேருமிடம் நம் கடை மேசைதான். ஒரு நாள் மூதாட்டி ஒருவர் நம்மிடம் சொன்னார்: "புளிய நியூஸ் பேப்பர்ல கட்டாதீங்க கண்ணு. வீட்டுக்குப் போயிப் பிரிச்சா புளியில எழுத்து ஒட்டியிருக்குது." எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டோம்.

செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2018-ஆம் ஆண்டின் பேக்கேஜிங் ஒழுங்குமுறை இதைத் தடையாகவே ஆக்கியது. மையில் உள்ள நிறமிகளும் கரைப்பான்களும் எண்ணெய், ஈரம், சூடு பட்டால் உணவில் இறங்கும் என்பதே காரணம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தபோது, நம்மில் பலர் நல்லெண்ணத்தோடு பழைய பேப்பருக்குத் திரும்பினோம். ஒரு தீமையை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதையாக அது ஆகிவிடக் கூடாது. புளி, வெல்லம், பலகாரம் இவற்றுக்கு அச்சில்லாத வெள்ளை அல்லது பழுப்புத் தாள். முடிந்த இடத்தில் வாழை இலை, தையல் இலை, வாடிக்கையாளர் கொண்டுவரும் டப்பா. இதுவே முறை. பழைய செய்தித்தாள் பொட்டலத்துக்கு அல்ல, எடைக்குப் போக வேண்டியது.

கன்று நடும் பாடம்

இனி வரவுப் பக்கத்துக்கு வருவோம். வெளிநாடுகளில் சில அச்சகங்கள், ஆர்டருக்கு ஒரு மரம் என்று நடும் வழக்கம் வைத்திருக்கின்றன. நம் ஊரிலும் திருமணத் தாம்பூலத்தோடு கன்று கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நம் சொந்தத் தோல்வி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓர் ஆடியில் கடைவீதியில் மேளதாளத்தோடு இருபது கன்று நட்டோம். புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த சித்திரையில் எண்ணினால் மூன்றே நின்றன. மற்றவை ஆட்டுக்கும் வெயிலுக்கும் இரையாகிவிட்டன. குற்றம் நம்முடையதே; யாருக்கும் பொறுப்பு ஒப்படைக்கவில்லை. பிறகு ஆறு கன்று மட்டும் நட்டு, ஒரு கடைக்கு ஒரு கன்று என்று பெயர் எழுதிக் கொடுத்தோம். கடை திறந்ததும் வாசல் தெளிப்பவர் கன்றுக்கும் ஒரு குடம் ஊற்றினார். ஐந்து பிழைத்தன. நடுவது ஒரு நாள் வேலை, வளர்ப்பது மூன்று கோடை வேலை என்பதை அப்போது கற்றோம்.

அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்:

1. பேரூராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். சாலை அகலமாகும் இடத்தில் நட்டால் உழைப்பு வீண்.

2. குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். அடியில் தேங்காய் மட்டையை அடுக்கி, மேலே மக்கிய எருவும் மண்ணும் போடுங்கள். மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும்; நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை.

3. கடை வாசலுக்குப் புங்கனும் வேம்பும் உத்தமம். மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரம் வேண்டாம். யானை வரும் மலையடிவார ஊர்களில் வீட்டை ஒட்டிப் பலா வேண்டாம். சவுக்கும் தைலமரமும் ஆலைக்கு விற்கும் பயிர். வீதிக்கு உரியவை அல்ல.

4. முள் கூண்டு கட்டாமல் கன்று நடாதீர்கள். மாசி முதல் வைகாசி வரை தண்ணீர் தவறக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

1. காலண்டர், பில் புத்தகம், அழைப்பிதழ் எதுவானாலும் சென்ற ஆண்டு மீந்ததை எண்ணிப் பார்த்தபின் ஆர்டர் கொடுப்போம்.

2. பழைய காகிதத்திலோ கரும்புச் சக்கையிலோ செய்த தாளும், பொறுப்புடன் வளர்த்த மரத்துக்குரிய சான்று முத்திரை பெற்ற தாளும் கிடைக்குமா என்று கேட்போம்.

3. பிளாஸ்டிக் லேமினேஷனும் ஜிகினாவும் தவிர்ப்போம். அவை ஒட்டிய தாளைத் திரும்பக் கூழாக்குவது கடினம்.

4. அட்டைப்பெட்டியை நனையாமல் மடித்துக் கட்டி எடைக்குப் போடுவோம். கம்ப்யூட்டர் பில் வரும் பளபளப்பான வெப்பத்தாளை அதோடு கலக்க வேண்டாம். அதன் பூச்சு வேறு. அந்த எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால், கொள்முதல் பில்லை நகலெடுத்து வைப்பதும் நல்லது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் ஆவணங்களைக் காக்க வேண்டும்.

5. காலண்டர் ஆர்டர் கொடுக்கும் அன்றே கடைக்கு ஒரு கன்று நடுவோம். அடுத்த ஆடியில் ஏஜென்ட் ஆல்பத்தோடு வரும்போது, முதலில் அந்தக் கன்று நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவோம்.

நடாமலே தாளை மிச்சம் பிடிப்பவரும், தாளை அள்ளி இறைத்துவிட்டு மரம் நடுபவரும் பாதிக் கணக்கு எழுதுபவர்கள்தாம். பற்றைக் குறைத்து வரவைக் கூட்டினால்தான் ஐந்தொகை நேராகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் இரண்டு எண்களை எழுதிக்கொண்டு வர வேண்டுகிறோம். ஒன்று, இந்த ஆண்டு உங்கள் கடையில் மீந்த காலண்டர் எத்தனை? மற்றொன்று, நீங்கள் நட்டு மூன்று கோடை தாண்டிய மரம் எத்தனை? முதல் எண் குறைந்தும் இரண்டாவது எண் கூடியும் வரும் ஆண்டே நம் சங்கத்துக்கு நல்ல ஆண்டு.